வேகம் குறைந்த வீட்டுக் கணினியும் இணையமும்: பழுது எங்கே என்று கண்டறியும் முறை

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ" என்ற ஒரே முறையீட்டுக்குள் இரண்டு வெவ்வேறு பழுதுகள் இருக்கலாம். கணினி தன் சொந்த வேலையையே மெதுவாகச் செய்வது ஒன்று. கணினி நன்றாக இயங்கியும், இணையத்திலிருந்து தகவல் வந்து சேரத் தாமதமாவது மற்றொன்று. திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் இரண்டுக்கும் பொதுவானது என்பதால், கணினியில் பழுதிருக்க இணையத் திட்டத்தை 50 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 200-க்கு உயர்த்துகிறவர்களும், வைஃபையில் பழுதிருக்க லேப்டாப்பை ஃபார்மட் போடக் கடையில் கொடுக்கிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பணம் செலவாகிறது, சேமித்து வைத்த படங்கள் சில சமயம் தொலைந்துபோகின்றன, பழுது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எதையும் மாற்றுவதற்கு முன்னால் தாமதம் எந்த இடத்தில் ஏற்படுகிறது என்று அளந்து பார்த்துவிட்டால் இந்த இழப்புகளைத் தவிர்க்கலாம். அதற்கு அரை மணி நேரமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாக உள்ள ஓர் அமைப்பை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 2016-க்கும் 2019-க்கும் இடையில் வாங்கிய, விண்டோஸ் 10 ஓடும் லேப்டாப்; அதில் 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க்; கூடத்தில் டிவிக்குப் பின்னால் ஒரு ஃபைபர் ரூட்டர்; உள் அறையில் மேசை. உங்கள் கணினி இதைவிடப் புதியதாக இருந்தாலும் சோதனையின் வரிசை மாறாது.

முதலில் இரண்டு சோதனைகள்

வைஃபையை அணைத்துவிட்டு, இணையம் தேவைப்படாத ஒரு வேலையைச் செய்து பாருங்கள். வேர்ட் கோப்பு ஒன்றைத் திறக்கலாம், அல்லது நிறையப் படங்கள் உள்ள ஒரு ஃபோல்டரைத் திறந்து மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கலாம். அப்போதும் கணினி திணறினால் பழுது கணினிக்குள்தான் இருக்கிறது. அடுத்து வைஃபையை மீண்டும் இயக்கி, லேப்டாப் இருக்கும் அதே மேசையில் கைப்பேசியையும் வைத்து, கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, இரண்டிலும் ஒரே இணையதளத்தைத் திறந்து பாருங்கள். கைப்பேசியில் உடனே திறந்து லேப்டாப்பில் மட்டும் இழுத்தால் லேப்டாப்பைக் கவனிக்க வேண்டும். இரண்டிலும் இழுத்தால் ரூட்டரையோ அதற்கு அப்பாலோ பார்க்க வேண்டும். இரண்டு சோதனையிலும் தோற்கும் வீடுகளும் உண்டு. அங்கே கணினியை முதலில் சரிசெய்துவிட்டு இணையத்துக்கு வருவதே நல்லது, ஏனென்றால் திணறும் கணினியில் எடுக்கும் இணைய வேக அளவுகளை நம்ப முடியாது.

ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

தினமும் இரவில் கணினியை முறையாக அணைக்கிறோம், அதனால் காலையில் அது புதிதாகத் தொடங்குகிறது என்று பலரும் நம்புகிறார்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் நிலைமை அப்படி இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கணினிகளில், ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்கருவும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதி வைக்கப்படும். மறுநாள் அதே நிலை திரும்ப ஏற்றப்படும். ஆகவே வாரக்கணக்கில் சேர்ந்த சிக்கல்கள் ஷட் டவுனால் தீர்வதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் சிபியுவைத் தேர்ந்தெடுத்தால், கீழே அப் டைம் என்ற இடத்தில் உண்மையான கடைசித் தொடக்கத்திலிருந்து கடந்த நாட்களைக் காணலாம். நேற்றிரவு அணைத்த கணினி அங்கே இருபது, முப்பது நாட்கள் என்று காட்டினால் வியப்படைய வேண்டாம். முதல் வேலையாக ஒரு ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் விட்டுவிட்டு, பிறகு மேற்கொண்டு சோதியுங்கள்.

டாஸ்க் மேனேஜரைப் படிப்பது

என் கருத்தில் வீட்டுக் கணினியைச் சரிசெய்ய விரும்புகிறவருக்கு இந்த ஒரு திரை போதும். "ஒரே கிளிக்கில் வேகம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள் எதுவும் தேவையில்லை. அந்த மென்பொருள்களே பின்னணியில் ஓடிக் கணினியை மேலும் மந்தமாக்குவது வழக்கம். டாஸ்க் மேனேஜரில் பிராசஸஸ் பகுதியின் தலைப்பில் சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்ற நான்கு நிரல்கள் இருக்கும். கணினி திணறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே இதைத் திறந்து, எந்த நிரல் 90 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்து நிற்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். ஒரு நொடி உச்சத்துக்குப் போய்த் திரும்புவது இயல்பானது. அங்கேயே நின்றுவிடுவதுதான் கவனிக்க வேண்டியது.

நாம் எடுத்துக்கொண்ட லேப்டாப்பில் பெரும்பாலும் டிஸ்க் நிரல்தான் 100 விழுக்காட்டில் நிற்கும். விந்தை என்னவென்றால், அந்த நேரத்தில் வட்டிலிருந்து உண்மையில் படிக்கப்படும் அளவு வினாடிக்கு ஒரு எம்பி கூட இல்லாமல் இருக்கும். 100 எம்பி வரை படிக்கக்கூடிய ஹார்டு டிஸ்க் ஒரு எம்பியிலேயே முழுத் திறனையும் இழப்பது ஏன் என்று தெரிந்துகொண்டால் தீர்வும் விளங்கிவிடும். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்டு எடுத்துக்கொள்கிறது. தேவையான இடம் படிக்கும் முனைக்குக் கீழே வரும்வரை சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த முனை தடம் மாறி நகர்வதற்கும் சுமார் பத்து மில்லிசெகண்டு ஆகும். ஆக, வினாடிக்கு நூறு இடங்களைக்கூட அதனால் தொட முடியாது. ஒரு பெரிய திரைப்படக் கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது இது தெரியாது. விண்டோஸ் தொடங்கும்போதோ, அப்டேட் இறங்கும்போதோ, ஆன்டிவைரஸ் சோதிக்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் வட்டின் மூலைமுடுக்குகளிலிருந்து கேட்கப்படுகின்றன. அப்போது வட்டு ஓயாமல் ஓடியும் கையில் கிடைப்பது சொற்பமே. தகவலைச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வட்டில் சுழலும் பாகமே இல்லாததால், சாதாரண சாட்டா வகை எஸ்எஸ்டி கூட வினாடிக்குப் பல்லாயிரம் சிறு கோரிக்கைகளுக்கு விடை தரும். பழைய லேப்டாப்புக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் அது ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துவதாகவே இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

மெமரி நிரல் 90-ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை என்று பொருள். அப்போது விண்டோஸ் ரேமில் இடமில்லாதவற்றை வட்டில் எழுதிவைத்து மீண்டும் எடுக்கிறது. ஆகவே ரேம் பற்றாக்குறை பல நேரங்களில் டிஸ்க் 100 விழுக்காடு என்ற வேடத்தில் வெளிப்படும்; இரண்டு நிரல்களையும் சேர்த்தே பாருங்கள். 4 ஜிபியில் விண்டோஸ் மட்டுமே ஏறத்தாழ பாதியை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் குரோமில் பதினைந்து டேப்களும் ஒரு ஜூம் வகுப்பும் ஓட வேண்டும் என்றால் அது நடக்காது. குரோமைத் திறந்துவைத்து ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் அழுத்தினால் குரோமுக்கென்று தனியான டாஸ்க் மேனேஜர் வரும். அதில் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு மெமரியைத் தின்கிறது என்று வரிவரியாகத் தெரியும். பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குவதில் கிடைக்கும் பலன் பலர் நினைப்பதைவிடப் பெரியது.

சிபியு நிரல் நிறைந்து நின்றால், அதற்குக் காரணமான மென்பொருளின் பெயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட்டோ டிஃபெண்டர் சோதனையோ ஓடினால் முடியும்வரை விட்டுவிடலாம். இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒரே கணினியில் இருந்தால் ஒன்றை நீக்கியே ஆக வேண்டும். வீட்டுப் பயன்பாட்டுக்கு விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே போதுமானது. பெயர் தெரியாத ஒன்று ஓயாமல் ஓடினால் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையில் தோன்றும் எதையும் நம்பி அழைக்காதீர்கள், எவருக்கும் தொலைவிலிருந்து கணினியை இயக்க அனுமதி தராதீர்கள். அது பண மோசடி.

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில், கணினி தொடங்கும்போதே தாமாக எழும் மென்பொருள்களின் பட்டியல் இருக்கும். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தாதவற்றை டிஸேபிள் செய்துவிடலாம். மென்பொருள் அழிந்துவிடாது, அழைத்தால் மட்டும் வரும்.

வெப்பமும் சார்ஜரும்

சித்திரை, வைகாசி மாதங்களில் மட்டும் லேப்டாப் மந்தமாகிறது, அல்லது தொடங்கிய கால் மணி நேரம் நன்றாக ஓடிப் பிறகு தளர்கிறது என்றால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். சிபியு ஒரு வெப்ப எல்லையைத் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் பேஸ் ஸ்பீட் என்று ஓர் எண் இருக்கும். ஸ்பீட் என்ற பெயரில் அந்த நேரத்தின் வேகமும் இருக்கும். பேஸ் ஸ்பீட் 2.3 ஜிகாஹெர்ட்ஸ் என்றிருக்க, பயன்பாடு 100 விழுக்காட்டில் நிற்கும்போதும் வேகம் 0.8-ஐத் தாண்டாமல் கிடந்தால், எதுவோ அதைப் பிடித்து இழுக்கிறது. காற்று வெளியேறும் பக்கத் துளையில் கையை வைத்துப் பாருங்கள். சூடான காற்று வேகமாக வர வேண்டும். வரவில்லை என்றால் விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் இடையில் தூசி படலமாக அடைத்திருக்கும். அடிப்பாகத்தைத் திறந்து சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூசுவது சர்வீஸ் கடைகளில் வழக்கமான வேலைதான். மெத்தையின் மீதும் தலையணையின் மீதும் வைத்துப் பயன்படுத்துவதை அன்றே நிறுத்திவிடலாம். இதே குறைந்த வேகம், தொட்டால் சூடே இல்லாத லேப்டாப்பில் தெரிந்தால் சார்ஜரைப் பாருங்கள். தன் நிறுவனத்தின் சார்ஜர் அல்லாததையோ திறன் குறைந்ததையோ செருகினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் லேப்டாப்புகள் உண்டு.

எஸ்எஸ்டிக்கு மாறும் முன்

ஹார்டு டிஸ்க் மந்தமாவதற்கு அது சாகும் தறுவாயில் இருப்பதும் காரணமாகலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், வட்டு தன்னைப் பற்றித் தானே பதிந்துவைத்துள்ள குறிப்புகளைக் காட்டும். அதில் குட் என்று நீல நிறத்தில் வந்தால் நல்லது. காஷன் என்று மஞ்சளில் வந்து, ரீஅலொகேட்டட் செக்டர்ஸ், கரன்ட் பெண்டிங் செக்டர் ஆகிய வரிகளின் மூல மதிப்பு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் வட்டில் கெட்ட இடங்கள் உருவாகத் தொடங்கிவிட்டன. இந்த நிலையில் வட்டைச் சரிபார்க்கும் கட்டளைகளை ஓடவிடுவது, ஃபார்மட் செய்வது, சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் செய்வது எல்லாம் அதைக் கடைசி மூச்சுக்குத் தள்ளும். முதலில் குழந்தைகளின் படங்கள், சான்றிதழ்கள், கணக்குகள் ஆகியவற்றை வெளி வட்டு ஒன்றுக்கு நகலெடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எஸ்எஸ்டி வாங்கச் செல்லும்போது லேப்டாப்பின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். 2.5 அங்குல சாட்டா வகை பழைய ஹார்டு டிஸ்க் இருந்த இடத்திலேயே பொருந்தும், மதர்போர்டில் எம்.2 துளை இருந்தால் அது சாட்டாவை மட்டும் ஏற்பதா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையையும் ஏற்பதா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். ரேமுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அந்த ஆண்டுகளின் லேப்டாப்புகளில் டிடிஆர்3எல், டிடிஆர்4 ஆகிய இரண்டு வகைகளும் இருந்தன, ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் கணினிக் கடையிலோ, வாரன்ட்டி எழுதிய ரசீதோடு வாங்குங்கள். பழைய வட்டில் உள்ளதை அப்படியே புதியதற்கு நகலெடுக்கும் குளோனிங் முறையும் உண்டு. பல ஆண்டுக் குப்பை சேர்ந்த கணினி என்றால் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதையே நான் விரும்புவேன். எஸ்எஸ்டி வந்தபின் அதைக் கழுத்துவரை நிரப்பாமல் பத்து, பதினைந்து விழுக்காட்டை வெறுமையாக விடுங்கள். டிஃப்ராக் அதற்குத் தேவையில்லை.

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிபியு வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்பில் பணம் போடுவதற்கு முன் இதை எண்ணிப் பார்ப்பது அவசியம். வங்கி வேலைகளுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உலாவி மட்டும் போதும் என்ற வீடுகளில், எஸ்எஸ்டி பொருத்தி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் அந்த லேப்டாப் மேலும் சில ஆண்டுகள் பாதுகாப்பாக உழைக்கும்.

இணையத்தை மூன்று துண்டுகளாகப் பார்த்தல்

கணினி நலமாக இருந்தும் தளங்கள் இழுத்தால், வழியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கணினியிலிருந்து ரூட்டர் வரை, ரூட்டரிலிருந்து இணைய நிறுவனம் வரை, அங்கிருந்து வெளியுலகம் வரை. முதல் துண்டு முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. பெரும்பாலான பழுதும் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன் அலகைத் தெளிவாக்கிக்கொள்வோம். திட்டத்தில் சொல்லப்படும் 100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். டவுன்லோட் பெட்டியில் காணும் எம்பி என்பது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் வினாடிக்கு 12.5 மெகாபைட் வந்தால் அதுவே முழு வேகம். 11 அல்லது 12 காட்டுகிறது என்று முறையிட வேண்டியதில்லை.

பிங் என்ற கட்டளை துண்டுகளைப் பிரித்துக் காட்டும். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு ரூட்டரின் முகவரியைக் கொடுங்கள். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று ரூட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். முகவரிக்குப் பின் இடைவெளி விட்டு ஒரு சிறுகோடும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்தால், நீங்கள் நிறுத்தும்வரை வரிகள் வந்துகொண்டே இருக்கும். இன்னொரு சாளரத்தில் இதையே 8.8.8.8 என்ற கூகுளின் முகவரிக்கு ஓடவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு நிமிடம் பாருங்கள். ரூட்டருக்கான சாளரத்தில் கேபிள் வழியென்றால் ஒரு மில்லிசெகண்டுக்குள், நல்ல வைஃபை என்றால் இரண்டிலிருந்து பத்துக்குள் எண்கள் அமைதியாக வர வேண்டும். அங்கேயே 3, 2, 180, 4, 640 என்று துள்ளினாலோ, இடையிடையே ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் என்று வந்தாலோ பழுது வீட்டு வைஃபையில் இருக்கிறது. இணைய நிறுவனத்தை அழைத்துப் பயனில்லை. ரூட்டர் சாளரம் அமைதியாக இருக்க, 8.8.8.8 மட்டும் துள்ளினால் இரண்டாம் துண்டையோ மூன்றாம் துண்டையோ சந்தேகிக்கலாம்.

வைஃபை

ரூட்டர்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முன்னது சுவர்களை ஓரளவு கடந்து தொலைவுக்குப் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினைந்து, இருபது வீட்டு ரூட்டர்கள் அந்த மூன்றுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடிக் காத்திருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே வரிசையில்தான் இயங்குகின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகம் அதிகம். ஆனால் ஒரு கனமான செங்கல் சுவரைத் தாண்டும்போதே கணிசமாக நலிந்துவிடும். ரூட்டர் இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் 5-ஐயும், தொலைவான அறைக்கு 2.4-ஐயும் பயன்படுத்துவது நல்லது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், உலாவியில் ரூட்டரின் முகவரியைத் தட்டினால் திறக்கும் அமைப்புப் பக்கத்துக்குப் போய் வெவ்வேறு பெயர் கொடுத்துவிட்டால் எதில் இணைந்திருக்கிறோம் என்ற குழப்பம் தீரும்.

நாம் எடுத்துக்கொண்ட விலை குறைந்த லேப்டாப்பில் 5 ஜிகாஹெர்ட்ஸே இல்லாமல் இருக்கலாம். ஒற்றை ஆன்டெனாவும் 2.4 மட்டும் உள்ள வைஃபை அட்டையும் கொண்ட லேப்டாப், ரூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்தாலும் 72 எம்பிபிஎஸ் என்ற இணைப்பு வேகத்தில் நிற்கும். உண்மையில் கைக்குக் கிடைப்பது 40, 50. திட்டத்தை 300-க்கு உயர்த்தினாலும் அந்த எண் அசையாது. இப்படிப்பட்ட லேப்டாப்புக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் ஏற்கும் சிறிய யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று, திட்ட உயர்வைவிட மலிவான, உண்மையான தீர்வு.

ரூட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். ஃபைபர் எந்தச் சன்னல் வழியே நுழைந்ததோ அந்த மூலையிலேயே, டிவிக்குப் பின்னாலோ மர அலமாரிக்குள்ளேயோ வைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இரும்புப் பீரோ, நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி, கான்கிரீட் தூண் இவை அலையைத் தடுப்பவை. வீட்டின் நடுவில், தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைப்பதற்காகச் சில மீட்டர் கூடுதல் ஃபைபர் இழுக்கச் சொல்வது செலவழிக்கத் தகுந்த வேலை. மாடி வீட்டில் ஒரே ரூட்டரோடு போராடுவதைவிட, மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்டாக, அதாவது வைஃபை தருவதற்கு மட்டும், வைப்பது நிலையான வழி. சுவரில் செருகும் ரிப்பீட்டர்களில் பல, வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே அலைவரிசையில் செய்வதால் வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

கேபிளும் ஃபைபரும்

வைஃபையைச் சோதனையிலிருந்து விலக்க, லேப்டாப்பை லேன் கேபிளால் ரூட்டரில் நேராக இணைத்து, மற்றக் கருவிகளை அணைத்துவிட்டு, ஸ்பீட்டெஸ்ட் தளத்தில் அளந்து பாருங்கள். அளவை 94, 95-இல் மட்டும் முட்டி நின்றால் கேபிளைக் கவனிக்க வேண்டும். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உள்ளன. 1,000 எம்பிபிஎஸ் இணைப்புக்கு எட்டும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். இணைப்பு முனையில் ஒரே ஒரு கம்பி சரியாகக் கடிபடாமல் இருந்தாலும் இருபக்கமும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட்வொர்க் அமைப்பில் லிங்க் ஸ்பீட் 100/100 என்று காட்டுவது அதன் அடையாளம். அதே நேரம், விலை குறைந்த லேப்டாப்புகளிலும் பழைய ரூட்டர்களிலும் துளையே 100-க்கு மேல் ஏற்காததாக இருப்பதும் உண்டு. கேபிளை மாற்றும் முன் அதையும் சரிபாருங்கள்.

வேக அளவையில், தளம் தானாகத் தேர்வு செய்யும் சர்வர் பல நேரங்களில் உங்கள் இணைய நிறுவனத்துடையதாகவே இருக்கும். அது முதல் இரண்டு துண்டுகளை மட்டும் அளக்கும். மும்பை போன்ற வேறு ஊரின், வேறு நிறுவனத்தின் சர்வரைத் தேர்ந்தெடுத்தும் ஒருமுறை அளந்து கொள்ளுங்கள்.

ஃபைபர் ரூட்டரில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை, இணைப்பு அறுந்திருக்கிறது. அது மின்னாமலேயே ஒளி நலிந்திருக்கலாம். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் என்ற பகுதியில் ஆர்எக்ஸ் பவர் என்று, வந்து சேரும் ஒளியின் அளவைச் சொல்லும் எண் இருக்கும். வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை ஃபைபர் இணைப்பில் அது மைனஸ் 15-க்கும் மைனஸ் 25-க்கும் இடையில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27-ஐ நெருங்கினால் வேகம் தடுமாறும். காரணம் பல நேரங்களில் வீட்டுக்குள்ளேயே இருக்கும். சன்னல் சட்டத்தின் விளிம்பில் கதவு மூடும்போது நசுங்கும் ஃபைபர், பீரோவுக்குப் பின்னால் கூர்மையாக மடிந்து கிடக்கும் ஃபைபர், ஆணி இறுக்கமாக அடிக்கப்பட்ட ஃபைபர் ஆகியவற்றிலிருந்து ஒளி கசிந்துவிடும். வளைவைத் தளர்த்திவிட்டு எண்ணை மீண்டும் பாருங்கள். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்க வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தீங்கு செய்யக்கூடியது.

வீட்டுக்குள்ளேயே நடக்கும் நெரிசல்

எல்லாம் சரியாக இருந்தும் சில நேரம் மட்டும் வீடியோ அழைப்பு உறைந்துபோவதற்கு அப்லோட் நிரம்புவது ஒரு முக்கியக் காரணம். திருமணத்துக்குப் போய்த் திரும்பிய அன்று இரவு, நான்கு கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் படங்களை கூகுள் ஃபோட்டோஸுக்கு ஏற்றத் தொடங்கும். அப்லோட் வழி நிரம்பினால் ரூட்டரில் வரிசை நீளும். நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்கும் சிறு கோரிக்கையும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். ஆகவே டவுன்லோட் காலியாக இருந்தும் எல்லாமே மந்தமாகும். 8.8.8.8 பிங் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெரிய கோப்பை ஏற்றிப் பாருங்கள். 15-இல் இருந்த எண் 400, 500-க்குத் தாவினால் இதுதான் பழுது. காப்பு எடுப்பதை நள்ளிரவுக்கு மாற்றுவது, எந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடும் கியூஓஎஸ் வசதி ரூட்டரில் இருந்தால் அப்லோடை உண்மை அளவின் 90 விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்துவது ஆகியவை உதவும். விண்டோஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற இடத்தில், இணையத்தில் உள்ள பிற கணினிகளுக்கு அப்டேட்டை அனுப்பும் தேர்வு இயங்கினால் அதையும் அணையுங்கள். ரூட்டரில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலையும் ஒருமுறை படித்துவிட்டு, அடையாளம் தெரியாத பெயர் இருந்தால் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

மாதக் கடைசியில் மட்டும் மந்தம் என்றால் திட்டத்தின் எஃப்யுபி என்ற மாத டேட்டா அளவைத் தாண்டிவிட்டீர்களா என்று நிறுவனத்தின் செயலியில் பாருங்கள். அன்லிமிடெட் என்ற திட்டங்களிலும் இந்த எல்லை உண்டு; தாண்டினால் வேகம் மிகவும் தாழ்ந்துவிடும். இந்தியாவில் 2023 ஜனவரி முதல் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்வதற்கான குறைந்தபட்ச வேகமே 2 எம்பிபிஎஸ்தான், அதற்கு முன் 512 கேபிபிஎஸ்.

ஒரு தளம் திறக்கத் தொடங்கவே சில வினாடிகள் தயங்கி, பிறகு மடமடவென்று வந்தால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையை 1.1.1.1 அல்லது 8.8.8.8-க்கு மாற்றிப் பாருங்கள். மற்ற மந்தங்களுக்கு அது மருந்தல்ல.

நிறுவனத்திடம் முறையிடும்போது

மூன்றாம் துண்டில் நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே கடலடிக் கேபிள்கள் சேதமடைந்தபோது இந்தியா, பாகிஸ்தான் உட்படப் பல நாடுகளில் இணையம் தளர்ந்தது. அத்தகைய நாளில் ரூட்டரை ரீசெட் செய்தால் உள்ள அமைப்புகளும் அழிந்து இரட்டை வேலையாகும். வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் இழுத்து உள்நாட்டுத் தளங்கள் இயல்பாக இருந்தால் பொறுத்திருங்கள்.

இரண்டாம் துண்டில் பழுது என்று சோதனை காட்டினால் சான்றோடு பேசுங்கள். மாலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை மட்டும் மந்தமாவது, உங்கள் பகுதியின் பொது இணைப்பில் கொள்ளளவுக்கு மேல் வீடுகள் சேர்க்கப்பட்டிருப்பதைச் சுட்டும். காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் கேபிள் வழியே எடுத்த வேக அளவுகளைத் தொடர்ந்து ஒரு வாரம் தேதியோடு குறித்து, திரைப்பிடிப்புகளைச் சேமித்துவையுங்கள். அழைத்ததும் "நெட் வரலை" என்று சொல்லாமல், "ரூட்டருக்கு பிங் ஒரு மில்லிசெகண்டு, 8.8.8.8-க்கு இரவில் மட்டும் 300, கேபிள் வழி வேகம் காலையில் 95, இரவில் 11, ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 21" என்று சொன்னால், ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லும் படியைத் தாண்டி, விவரம் தெரிந்த பொறியாளரிடம் முறையீடு போய்ச் சேர வாய்ப்பு அதிகம். முறையீட்டுக்கான டாக்கெட் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குறித்த நாட்களுக்குள் தீரவில்லை என்றால் அந்த எண்ணோடு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைகள் இந்த இரண்டு படிகளையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியுள்ளன. மேல்முறையீட்டுக்கும் ஒரு கால வரம்பு உண்டு என்பதால், முதல் பதில் திருப்தி தராவிட்டால் காத்திருக்காமல் அந்த வாரத்திலேயே எழுதிவிடுங்கள். குறித்துவைத்த அளவுகளையும் திரைப்பிடிப்புகளையும் அதனுடன் இணைத்து அனுப்புங்கள்.